கூலன்ட் குறைகிறது, லீக் எங்கும் தெரியவில்லை: ஹெட்டை இறக்கலாமா?

டீசல்காரன்:
டீசல் கார். டேங்கில் மேல் கோடு வரை நிரப்பினால் சில வாரத்தில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கீழ்க்கோட்டுக்கு வந்துவிடுகிறது. நிறுத்தும் இடத்தில் தரை காய்ந்தே கிடக்கிறது. சூடு முள் ஒருநாளும் ஏறியதில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, அதில் லேசாக ஓர் இனிப்பு வாடை. மெக்கானிக் பார்த்த உடனே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும் என்கிறார். இறக்கலாமா?

ஸ்பானர்:
இறக்குங்கள். வெள்ளைப் புகை, இனிப்பு வாடை, வெளியில் லீக் இல்லை. மூன்றும் சேர்ந்தால் கூலன்ட் எரிகிறது என்றுதான் அர்த்தம். தள்ளிப்போட்டால் ஒருநாள் சிலிண்டருக்குள் தண்ணீர் நின்று, ஸ்டார்ட் போடும்போது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பொறுமைசாலி:
எரிகிறது என்பது சரி. ஹெட் வழியாகத்தான் எரிகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள் (இன்ஜின் ஆறின பிறகு மட்டும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). மூடி பிடிக்கும் அழுத்தம் பொதுவாக 1 பார் அளவு. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும், அந்த அழுத்தத்தில் 125-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், தரையில் தடயமே இருக்காது. அப்புறம் வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் காய்ந்த உப்பு மாதிரி படிவு இருக்கிறதா, முன்சீட்டின் காலடிக் கம்பளம் ஈரமா, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் பனி படிகிறதா என்று பாருங்கள். கடைசி இரண்டும் இருந்தால் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர் கசிகிறது.

நீலவண்டி:
லீக் அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றிப் பாருங்களேன்?

பொறுமைசாலி:
தயவுசெய்து வேண்டாம். அது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். எங்கே போகிறது என்றே தெரியாதபோது எதை அடைப்பது?

டீசல்காரரே, ஆறின இன்ஜினில் கூலன்ட் டேங்க் வாயில் கை பம்ப் வைத்து 1 பார் ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். மீட்டர் இறங்கினால் லீக் உண்டு. காலையில் க்ளோ பிளக்குகளை (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடேற்றுபவை) கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ்கெட் கசிந்தால் அந்தப் பிஸ்டன் தலை மட்டும் கரி கழுவிப் பளிச்சென்று இருக்கும், இல்லையென்றால் ஈரமாக இருக்கும்.

ஸ்பானர்:
1 பார் வைத்து எதைக் கண்டுபிடிப்பீர்கள்? எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் அதைப்போலப் பல மடங்கு. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டும் வாய் திறக்கிற விரிசல் உண்டு, உங்கள் கை பம்ப்புக்கு அது சிக்காது. டேங்க் வாயில், கரியமில வாயு பட்டால் நிறம் மாறும் நீலத் திரவம் வைத்து வாயு பார்க்கிற சோதனையும் டீசலுக்கு நம்பகமில்லை. ஐடிலில் டீசல் புகையில் கரியமில வாயு குறைவு, திரவம் நிறம் மாறாமலே ஏமாற்றும்.

பொறுமைசாலி:
நியாயமான பேச்சு, அதனால்தான் அந்தச் சோதனையை ஐடிலில் செய்யக்கூடாது என்கிறேன். நல்லா ஓட்டி, லோடு கொடுத்து, உடனே பாருங்கள். சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் புகுந்தால் டேங்கில் குமிழி வரும், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆன ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். சூடு ஏறாத நேரத்தில் ஹோஸ் இறுக வேறு காரணம் பெரும்பாலும் கிடையாது. இதை யாராவது கை வைத்துப் பார்த்தார்களா?

டீசல்காரன்:
பார்த்தேன். குமிழி இல்லை, ஹோஸ் மெத்தென்றுதான் இருக்கிறது. ராத்திரி அழுத்தம் ஏற்றி விட்டதில் காலையில் மீட்டர் நன்றாக இறங்கியிருந்தது. வெளியே எங்கும் ஈரமில்லை. நான்கு சிலிண்டரும் காய்ந்திருக்கின்றன, ஒரே மாதிரி கரி.

ஸ்பானர்:
அப்படியென்றால் உள்ளே எங்கோ போகிறது. இதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

பொறுமைசாலி:
உள்ளே என்றால் ஹெட் மட்டும்தானா? ஈ.ஜி.ஆர் கூலரை (இன்ஜினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பாகம்) ஏன் யாரும் பேசவில்லை? ஒரு பக்கம் பல நூறு டிகிரி புகை, மறுபக்கம் கூலன்ட், நடுவில் மெல்லிய தகடு. சூடாகி ஆறி சூடாகி அது விரிசல் விடும். இன்ஜினை நிறுத்திய பிறகு மிச்ச அழுத்தத்தில் கூலன்ட் புகைப்பாதைக்குள் கசிந்து நிற்கும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகையாகப் போகும். ஓடும்போது பெரும்பாலும் கூலன்ட் அழுத்தம்தான் அதிகம், அதனால் புகை கூலன்ட்டுக்குள் வராது, குமிழியும் வராது. நீங்கள் சொன்ன எல்லாமே பொருந்துகிறது. கூலரிலிருந்து இன்டேக்குக்கு (இன்ஜினுக்குக் காற்று போகும் பாதை) போகும் குழாயை மட்டும் கழற்றிப் பாருங்கள்.

டீசல்காரன்:
கழற்றினோம். காய்ந்த கரித்தூள் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புச் சேறு, விரலில் வழவழவென்று ஒட்டுகிறது. கூலரைத் தனியாக எடுத்து, கூலன்ட் வாய்களில் ஒன்றை அடைத்து, மற்றதில் காற்று கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் புகை போகும் வாயிலிருந்து குமிழி வரிசையாக வருகிறது.

ஸ்பானர்:
சரி, கூலரை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் மட்டம் இறங்கினால் ஹெட்டைப் பற்றி மறுபடி பேசுவோம், அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதுவரை ஓட்டவும் வேண்டாம், இன்டேக்கில் தண்ணீர் நின்றாலும் ராடு வளையும்.

பொறுமைசாலி:
ஓட்டவேண்டாம் என்பதில் எனக்கும் அதே கருத்து. புது கூலர் போட்டு நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றெடுக்கும் திருகு இருந்தால் திறந்து, குமிழி நிற்கும்வரை விடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மட்டம் கொஞ்சம் இறங்கும், அது உள்ளே சிக்கிய காற்று வெளியேறுவது. மறுபடி நிரப்பி, ஆறின இன்ஜினில் டேங்கில் ஒரு கோடு போட்டுவிட்டு, அங்கிருந்து பாருங்கள்.