சுங்கை சிப்புட்டிலிருந்து ஊருக்கு வந்துவிட்டேன், திரும்பிப் போவதா வேண்டாமா?

பட்டுக்கோட்டைப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். திருமணமாகி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாக இருந்தேன். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். அங்கே இருந்தவரை மனம் ஒட்டவே இல்லை. வாசலைத் திறந்தால் செம்பனை (எண்ணெய்ப்பனை), கொல்லைக் கதவைத் திறந்தாலும் செம்பனை. கணவர் விடியுமுன் ஆலைக்குப் போய்விடுவார். மாமியார் நல்லவர்தான், பேச்சுதான் குறைவு. மாலையில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார்; பின்னால் ரொட்டியும் முறுக்குப் பொட்டலமும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கொஞ்சம் கண்ணயரும் நேரம் பார்த்து ஹார்ன் அடிப்பார். எரிச்சலாக வரும். ஊருக்கு வந்த பிறகு நான்கு மணியானால் நானே தெருவை எட்டிப் பார்க்கிறேன். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் "எப்போது கிளம்புகிறாய்?" என்றே கேட்கிறார்கள். என் அலமாரியில் தம்பியின் சட்டைகள். அங்கே தங்குவதற்கான பாஸ் வேறு முடியப் போகிறது. அவர் உடனே வா என்கிறார், அம்மா போகாதே என்கிறார். இரவில் தூக்கமே இல்லை. என்ன செய்யட்டும்?

ஏழாம் கட்டை அக்கா:
தங்கையே, நான் 1994இல் நாமக்கல்லிலிருந்து கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்போது பால்மரம், அதாவது ரப்பர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மாமியாரோடு போவேன். பால் வடிய மரப்பட்டையில் கீறும் கோட்டைச் சற்று ஆழமாக இழுத்துவிட்டால் மரம் காயப்பட்டுவிடும். மண்டோர் (தோட்டக் கங்காணி) காது கூசத் திட்டுவார். ஒட்டுப்பால் நாற்றம் கையை விட்டுப் போகாது, அதே கையால்தான் சோறு பிசைய வேண்டும். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் கேட்கும். ஊரிலிருந்து ஒரு கடிதம் வர மூன்று வாரம். உனக்குக் கைப்பேசியில் அம்மாவின் முகம் தெரிகிறது, பிறகு என்ன? போய் முதலில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகு. பட்டணத்துக்குத் தனியாகப் போய்வர முடிந்துவிட்டால் பாதித் துயரம் போய்விடும். வாரச் சந்தைக்குப் போ. கோவிலில் கோலம் போடுகிற பெண்களோடு சேர்ந்துகொள்.

மணல்வெளி:
அக்கா சொல்வதை நம்பாதீர்கள். மனம் ஒட்டாத இடத்தில் ஒட்டவே ஒட்டாது. நான் துபாயில் இருக்கிறேன். முதல் ஆறு மாதம் ஒரு அறையில் எட்டுப் பேர், இரண்டு பேர் முறைவைத்து ஒரே கட்டிலில் தூங்கினோம். ஊருக்குப் போனபோதே நின்றிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற மண்டோர்:
துபாய்த் தம்பிக்கு எங்கள் ஊர் தெரியாது. சுங்கை சிப்புட்டை வெறும் செம்பனைக் காடு என்று நினைக்க வேண்டாம். 1948 ஜூன் மாதம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் இங்கே சுடப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலமே வந்தது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளிகளின் காசைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் தாத்தா 'ரஜுலா' கப்பலில் வந்தவர். ஒரே ஒரு முறை ஊருக்குத் திரும்பிப் போனார். நிலத்தைப் பங்காளிகள் உழுதுகொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்களாம், உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லையாம். அடுத்த கப்பலிலேயே வந்துவிட்டார். உங்களுக்கு அலமாரிதான் போயிருக்கிறது, பரவாயில்லை. பேச ஆளில்லை என்பது உண்மைதான், மறுக்க மாட்டேன். எங்கள் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுவது இப்போது வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளிகளும்தான்.

கெடாக்காரி:
பேச ஆளில்லாததை விடுங்கள், விலைவாசியைப் பற்றி யாராவது பேசுங்கள். ஒரு கட்டுக் கீரை வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று 2025இல் உயர்த்தினார்கள், வாடகையும் கூடவே ஏறிவிட்டது. அரசாங்க மருத்துவமனையில் குடிமகனுக்கு ஒரு வெள்ளிச் சீட்டு, எனக்கு மட்டும் வெளிநாட்டுக்காரி கட்டணம். இதில் பாஸ் புதுப்பிக்க ஒரு தரகர் வேறு. நாங்களே எழுதக்கூடிய விண்ணப்பப் பாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கைநிறையப் பறித்துக்கொண்டார்.

மணல்வெளி:
இங்கேயும் அதே கதைதான் அக்கா. தரகர்கள் இல்லாத நாடு எது?

ஈப்போ வாசி:
ஆளாளுக்குச் சொந்தக் கதை சொல்கிறீர்கள். பாஸ் முடியப் போகிறது என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறார். எந்தப் பாஸ், எப்போது முடிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மனம் ஒட்டுவதைப் பிறகு பார்க்கலாம். அம்மா, மூன்றுக்குப் பதில் சொல்லுங்கள். பாஸ் எந்த வகை? முடியும் நாள் எது? உங்கள் அம்மா ஏன் போகாதே என்கிறார்?

பட்டுக்கோட்டைப் பெண்:
மனைவிக்குக் கொடுக்கும் நீண்டகாலப் பாஸ்தான் ஐயா. அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. எழுத விட்டுப்போயிற்று, எனக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார், வளைகாப்புக்கு நாளும் குறித்துவிட்டார். பிள்ளை அங்கே பிறந்தால்தான் மலேசிய அடையாள அட்டை கிடைக்கும் என்கிறார் அவர்.

ஏழாம் கட்டை அக்கா:
அடிப் பெண்ணே, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! மோட்டார் சைக்கிளும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அம்மா வீட்டிலேயே இரு.

ஓய்வு பெற்ற மண்டோர்:
பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம், திருமணத்தைப் பதிவு செய்தீர்களா? 1982 மார்ச் முதல் இங்கே கோவிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. பதிவு இல்லையென்றால் தகப்பனின் குடியுரிமை பிள்ளைக்கு வராது. எங்கள் தோட்டத்திலேயே அப்படி அடையாள அட்டை இல்லாமல் அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 2024இல் சட்டத்தை மாற்றினார்களே, அது இவருக்கு உதவுமா?

ஈப்போ வாசி:
ஐயா, 2024இல் நிறைவேறிய திருத்தம் வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கானது. இவர் விஷயத்தில் தகப்பன்தான் மலேசியர், அது பழைய சட்டத்திலேயே இருக்கிறது. பதிவைப் பற்றியும் பயம் வேண்டாம். பதிவுச் சான்றிதழைக் காட்டாமல் மனைவி பாஸ் கிடைத்திருக்காது.

அம்மா, பிள்ளை இந்தியாவில் பிறந்தாலும் உரிமை போய்விடாது. ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் பதிந்துவிட வேண்டும். அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டுத்தான் பலர் அலைகிறார்கள். கணவரின் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் இப்போதே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

பாஸ்தான் நெருக்கடி. அதை மலேசியாவுக்குள் இருக்கும்போது, முடிவதற்கு முன், கணவரோடு நேரில் போய்ப் புதுப்பிக்க வேண்டும். மலேசியாவில் பிரசவம் என்றால் இப்போதே கிளம்புங்கள். பெரும்பாலும் 28 வாரத்துக்கு மேல் மருத்துவரின் கடிதம் கேட்பார்கள், 35, 36 வாரத்துக்குப் பிறகு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்; டிக்கெட் எடுக்குமுன் அந்த விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். கெடாக்காரி சொன்ன கட்டணமும் உண்மை, பிரசவத்துக்கு முன்பணம் கேட்பார்கள். இந்தியாவிலேயே பிரசவம் என்றால் பாஸ் போகட்டும். இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் வரை இருக்கிறது. பிறகு பிள்ளையோடு அதில் வந்து மனைவி பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அப்படி வரும்போது இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையை மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பிவிடுங்கள். இதற்குத் தரகர் தேவையில்லை.

பட்டுக்கோட்டைப் பெண்:
நன்றி ஐயா. இங்கேயே பெற்றுக்கொண்டு போகலாம் போலிருக்கிறது. அவரிடம் ஒரு வருட விஷயத்தைச் சொன்னேன், சான்றிதழ்களை மாமியார் தேடிக்கொண்டிருக்கிறாராம். கணவர் ஒருமுறை இங்கே வர வேண்டியிருக்குமா?

ஈப்போ வாசி:
பதிவுக்கு யார் யார் நேரில் வேண்டும் என்று துணைத் தூதரகத்துக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆலையில் விடுப்புக் கேட்பதென்றால் அதையே காட்டலாம்.

ஏழாம் கட்டை அக்கா:
வந்தால் உன்னைப் பார்க்கத் திருச்சிக்கே நேராக வரச் சொல், பதிவுக்கு மட்டும் சென்னை போனால் போதும்.