தேவாலயம் வழி நடக்கும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தை மதிப்பிட யோசனை தேவை

எல்லாருக்கும் வணக்கம். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரை மீனவ ஊர்களில், பதின்ம வயதினருக்காகத் தேவாலயங்கள் வழியாக ஒரு திட்டம் தொடங்கப்போகிறது. எச்.ஐ.வி. தடுப்பு, மனநலம் இரண்டும் சேர்ந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக வகுப்புக்கு வருவார்கள். மதிப்பீட்டு வேலை எங்கள் குழுவிடம் வந்திருக்கிறது.

அதே கரையில், முகுரு பே பகுதியில் 4 தேவாலயங்களில் 124 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. குடும்பத்துக்குள் பேச்சு கூடியது, எச்.ஐ.வி. பற்றிய அறிவும் உயர்ந்தது. மனநலத்தில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. 3 மாதம் வரைதான் பின்தொடர்ந்தார்கள். அதற்குள் மனச்சோர்வு குறையும் என்று எதிர்பார்ப்பதே அதிகம் என்பது என் எண்ணம். ஓராண்டாவது வேண்டாமா? இப்படிப்பட்ட ஆய்வு செய்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், தேவாலய வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு ஆணுறை பற்றிக் கேட்டால் எந்தப் பிள்ளை உண்மை சொல்லும்? (பாஸ்டர் ஜன்னல் பக்கம் நடந்தாலே போதும்!) அந்தப் பகுதி மக்கள் பேசும் லுவோ மொழியில் கேள்விகளைப் பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டு டேப்லெட்டில் பதில் தொடச் சொல்லலாம் என்றிருக்கிறோம். ஆனால் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளின் கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. ஒரு பிள்ளை 'ஆம்' என்று தொட்டால் அந்த நிமிடமே யாருக்குத் தெரிய வேண்டும், எப்படி? ரகசியம் காப்போம் என்று சொல்லிவிட்டுத்தானே கேட்கிறோம்.

இதற்கு எழுதிவைத்த நடைமுறை யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், ரொம்ப உதவியாக இருக்கும். நான்கைந்து தேவாலயங்களே கிடைக்கும்போது புள்ளியியல் கணக்கை எப்படிப் போடுவது என்பதும் குழப்பம்தான்.