3–5 வயதுப் பிள்ளைகளுக்குக் கடல் வாரம்: பாட்டில் கலங்குகிறது, உப்பு மாவு வெடிக்கிறது

கேள்வி – சிப்பி

வணக்கம். 3 முதல் 5 வயது வரை 12 பிள்ளைகள், பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இரண்டு பேர். நாளுக்கு 40 நிமிடம் வீதம் நான்கு நாள். தலைப்பு கடல். வெட்டி, ஒட்டி, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதோடு நின்றுவிடக்கூடாது, செய்யும்போதே பிள்ளைகள் ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எண்ணம்.

இப்போதைய திட்டம்: காகித ஆக்டோபஸ், பாட்டிலுக்குள் கடல் (நீலத் தண்ணீரும் எண்ணெயும்), உப்பு மாவில் நட்சத்திர மீன், கடைசி நாள் ஒரு தொட்டியில் வாட்டர் பீட்ஸ் (தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள்) நிரப்பி அதற்குள் பொம்மை மீன் தேடுவது.

பாட்டிலில் எண்ணெய் பால் மாதிரிக் கலங்கி, தெளியவே மாட்டேன் என்கிறது. ஏன்? நட்சத்திர மீன் காயும்போது வெடிக்காமல் இருக்க என்ன வழி? ஆக்டோபஸை வைத்து எண்ணிக்கை சொல்லித்தர முடியுமா?

பதில் – காகிதக்கப்பல்

எண்ணிக்கைக்கு ஆக்டோபஸ் அருமையான பொருள். ஆளுக்கு 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு சார்ட் பேப்பர் துண்டு. வலது ஓரத்தில் 1 செ.மீ. பசைக்கு. மேலே 8 செ.மீ. தலை, கீழே 12 செ.மீ. கைகள். மீதி 24 செ.மீ. அகலத்தை 3 செ.மீ. வீதம் கோடு போட்டுப் பிரியுங்கள். பசை ஓரத்தில் தலைக்குக் கீழே இருக்கும் பகுதியை நீங்களே முன்கூட்டி வெட்டி எடுத்துவிடுங்கள்.

இதில் பெரியவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. எட்டுக் கை வேண்டும் என்று எட்டு வெட்டுப் போட்டால் ஒன்பது கை வந்து நிற்கும். ஏழு வெட்டுதான். ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் "எத்தனை தடவை வெட்டினால் எட்டுக் கை வரும்?" என்று முதலில் கேளுங்கள். எல்லோரும் எட்டு என்பார்கள். ஏழோடு நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடம்தான் அன்றைய பாடம்.

வட்ட ஸ்டிக்கர்தான் உறிஞ்சிகள். முதல் கைக்கு 1, இரண்டாவதுக்கு 2, இப்படி 8 வரை. ஆளுக்கு 36, பன்னிரண்டு பேருக்கு 432. 1.2 செ.மீ.க்கு மேல் பெரியது வாங்காதீர்கள், எட்டாவது கையில் இடம் போதாது. எங்கே ஒட்ட வேண்டும் என்று பென்சிலில் வட்டம் போட்டு வைக்கவில்லை என்றால் மொத்தமும் ஒரே கையில் போய் உட்காரும். ஸ்டிக்கர் தாளில் வட்டங்களைச் சுற்றியிருக்கும் வெற்றுப் பகுதியை முன்னமே உரித்துவிடுங்கள். சின்ன விரலுக்கு வட்டம் உடனே பிடிபடும். மூன்று வயதுக்காரர்களுக்குக் கைக்கு இரண்டே போதும்.

ஒட்டி முடித்த பிறகுதான் சுருட்டி உருளையாக்க வேண்டும். ஸ்டிக்கர் இருக்கும் பக்கம் உள்ளே போகட்டும், ஏனென்றால் நிஜ ஆக்டோபஸுக்கும் உறிஞ்சிகள் கையின் அடிப்பக்கத்தில்தான். பிடிப்பதற்கு மட்டும் இல்லை, சுவை பார்ப்பதற்கும் அதுதான் உதவுகிறது. கைகளைப் பென்சிலில் சுற்றி விட்டால் அழகாக வளையும்.

12 செ.மீ. நேராக வெட்ட மூன்று வயதுக் கைக்கு வராது. ஒரு நறுக்கு, இரண்டு நறுக்கு, அவ்வளவுதான். அவர்களுக்குக் கைகளை வெட்டியே கொடுத்துவிட்டு, 2 செ.மீ. அகலப் பச்சைக் காகிதத்தில் ஓரம் நறுக்கிக் கடல்பாசி செய்யச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் மணி வேண்டாம், கண்ணை வரையட்டும். உதிர்ந்தால் நேரே வாய்க்குப் போகும்.

பதில் – ஈரமணல்

பாட்டில் பத்தி நான் சொல்றேங்க. பால் மாதிரி ஆகுதுன்னா முதல் சந்தேகம் சோப்பு மேலதான். பாத்திரம் கழுவுற திரவம் ஒரு சொட்டு உள்ளே மிச்சம் இருந்தாலும், எண்ணெயைப் பொடிப்பொடித் துளியா உடைச்சுத் தண்ணியிலேயே நிறுத்திடும். பாட்டிலை நாலஞ்சு தடவை வெறும் தண்ணியில அலசி, கவுத்து, முழுசாக் காய விடுங்க. ரெண்டாவது காரணம் குலுக்குறது. படுக்க வெச்சு மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சாத்தான் அலை வரும். குலுக்கிக் கலங்கினதை ராத்திரி முழுக்க அசையாம வைங்க. காலையில தெளிஞ்சிருந்தா குலுக்கினதுதான் காரணம், தெளியலைன்னா சோப்பு. அப்ப கொட்டிட்டு மறுபடி செய்யுறது ஒண்ணுதான் வழி.

அளவு: 500 மி.லி. வழவழப்பான பாட்டில், 250 மி.லி. தண்ணி, நீல ஃபுட் கலர் 3 சொட்டு. அஞ்சாறு சொட்டு விட்டீங்கன்னா இருட்டாகி உள்ளே எதுவும் தெரியாது. கலரைத் தண்ணியில கரைச்ச பிறகுதான் எண்ணெய் ஊத்தணும். கழுத்து வரைக்கும் ஊத்துங்க. காத்துக்கு இடம் விட்டா ஆட்டும்போதெல்லாம் குமிழி வரும். சமையல் எண்ணெயோட மஞ்சள் நீலத்தோட சேர்ந்து பச்சையாத் தெரியும், நாளானா சிக்கு வாடையும் வரும். பேபி ஆயில் தெளிவா இருக்கும். ஆனா அதைப் பிள்ளைங்க கைக்கு எட்டவே விடாதீங்க. வாயில போய்ப் புரையேறினா நுரையீரலுக்குள்ள இறங்கி ரொம்ப ஆபத்தாயிடும். எண்ணெய் ஊத்துறது பெரியவங்க வேலை. கலர் சொட்டு விடுறதும் சிப்பி போடுறதும் பிள்ளைங்க வேலை.

கத்துக்க ஒரு விஷயம் சேர்க்கணுமா? பாட்டில் மூடி பிளாஸ்டிக்குல விரல் நகம் அளவுக்கு ஒரு படகு வெட்டுங்க. பாட்டிலோட உடம்புல இருந்து ஒரு மீன் வெட்டுங்க. ரெண்டும் பிளாஸ்டிக்தான், ஆனா மூடித் துண்டு தண்ணியை விட லேசு, எண்ணெயை விடக் கனம். அதனால ரெண்டுக்கும் நடுவுல, சரியா அலை மேலேயே நிக்கும். பாட்டில் துண்டு தண்ணியை விடக் கனம், அடியில போய் உக்காரும். போடுறதுக்கு முன்னாடி "எங்கே நிக்கும்?"னு ஒவ்வொருத்தரையும் கை காட்டச் சொல்லுங்க.

மூடியில எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா எந்தப் பசையும் பிடிக்காது, ஹாட் க்ளூ அப்படியே உரிஞ்சு வரும். மரையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சு, ரெண்டு குழாயில வர்ற எபாக்ஸி பசையைக் கலந்து போட்டு இறுக்கி, மேல டேப் சுத்துங்க. ஒரு ராத்திரி டிஷ்யூ மேல தலைகீழா நிறுத்திப் பாருங்க. கறை இல்லைன்னாத்தான் வீட்டுக்குக் கொடுக்கணும்.

பதில் – உப்புக்காற்று

மாவு வெடிப்பதற்குக் காரணம் அவசரமும் தடிமனும். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, தோல் கிழிகிறது. 6 முதல் 8 மி.மீ. தடிமனைத் தாண்டாதீர்கள்.

மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. கல் உப்பு வேண்டாம், கரையாமல் நின்று நட்சத்திர மீனின் கைகள் அந்த இடத்தில் ஒடியும். எட்டு முதல் பத்து நிமிடம் பிசைய வேண்டும். சுமார் 700 கிராம் மாவு வரும், ஆளுக்கு 50 கிராம் வீதம் பன்னிரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். ஓவன் என்றால் 100 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 மணி நேரம், பாதியில் திருப்பிப் போட்டு. சூட்டைக் கூட்டினால் உள்ளே நீராவி கிளம்பி உப்பிக்கொள்ளும்.

ஐந்து கைகளைத் தனித்தனியாக உருட்டி ஒட்டினால் மூட்டில்தான் முதலில் உடையும். ஒரே வட்டமாகத் தட்டி, ஓரத்திலிருந்து ஐந்து வெட்டுப் போட்டு, ஒவ்வொரு துண்டையும் கிள்ளிக் கூராக்கச் சொல்லுங்கள். (வட்டத்தில் மட்டும் ஐந்து வெட்டுக்கு ஐந்து கை வரும். முதல் நாள் ஆக்டோபஸுக்கு ஏழு வெட்டில் எட்டு வந்ததே, பெரிய பிள்ளைகள் கவனிக்கிறார்களா என்று பாருங்கள்.) மேலே பழைய டூத் பிரஷ்ஷால் குத்தினால் சொரசொரப்பு வரும். அடியில் நடுவில் ஒரு குழி, அதுதான் வாய். செய்த மீனின் கை ஒடிந்து பிள்ளை அழுதால், நிஜ நட்சத்திர மீனுக்கு ஒடிந்த கை மறுபடி வளரும் என்று சொல்லி, ஈரம் தொட்டு ஒட்டிக் கொடுங்கள். பெயரில் மீன் இருந்தாலும் அது மீன் இல்லை என்பதையும் அப்போதே சொல்லலாம்.

மீந்த மாவை நாய்க்கு எட்டும் இடத்தில் போடக்கூடாது. அவ்வளவு உப்பு அதற்கு விஷம்.

மாவு காயும் நேரத்தில் முட்டை மிதக்கும் சோதனையை வைக்கத் தோன்றும். நல்லதுதான், ஆனால் "கடல் நீரில் முட்டை மிதக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். கடலில் உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவுதான், 250 மி.லி. டம்ளருக்குப் பார்த்தால் அரை மேசைக்கரண்டி. அதில் புது முட்டை மூழ்கித்தான் கிடக்கும். மேலே வர 2 மேசைக்கரண்டிக்குக் குறையாமல் வேண்டும். மூன்று டம்ளர் வையுங்கள்: வெறும் தண்ணீர், கடல் அளவு, மிகுந்த உப்பு. முட்டையைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சிப்பி

மூவருக்கும் நன்றி. ஏழு வெட்டு விஷயம் எனக்கே தோன்றவில்லை. வாட்டர் பீட்ஸ் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே, சரிதானா?

பதில் – காகிதக்கப்பல்

வேண்டவே வேண்டாம். காய்ந்த மணி கடுகு அளவுதான் இருக்கும், கீழே உருண்டால் கண்ணுக்குத் தெரியாது. விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் ஊறிப் பல மடங்கு பெருத்துக் குடலை அடைத்துவிடும், சாதாரண எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. இந்த வயதுப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

பதிலுக்கு அகர் அகர் ஜெல்லி செய்யுங்கள். அது கடல்பாசியிலிருந்தே எடுப்பது, உங்கள் தலைப்புக்கும் பொருந்தும். 2 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் தூள். ஆறின தண்ணீரிலேயே தூவிக் கலக்கிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள், கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும். இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். நீலக் கலர் சேர்த்து அகலமான தட்டில் ஊற்றினால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். பொம்மை மீன்களை உடனே போட்டால் எல்லாம் அடியில் கிடக்கும். பாதியை ஊற்றி, அது லேசாக உறைந்ததும் மீன்களை அடுக்கி, மிச்சத்தைச் சூடாக ஊற்றுங்கள். பொம்மைகள் உள்ளங்கை அளவில் இருக்கட்டும். தோண்டுவதற்கு மரக் கரண்டி. பிள்ளைகள் வாயில் வைக்காமல் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள், மறுநாள் வாடை வரும். மிச்சத்தைச் சூடாக இருக்கும்போது சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.