சோலார் வெந்நீருக்கு எந்த பைப் போடுவது?

மன்னார்குடி_புதுவீடு:
பூச்சு வேலைக்கு முன்னால் பைப் போட்டாக வேண்டும். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர், அங்கிருந்து குளியலறைக்குப் பத்து மீட்டர், அடைமழைக்கு ஒரு கீசர். பச்சைத் தண்ணீருக்குப் போடுகிற வெள்ளை பிவிசியையே கனமாக வாங்கிப் போடலாம் என்கிறார் பிளம்பர். மச்சான் பிபிஆர்தான் (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் பைப்) என்கிறார், கடைக்காரர் சிபிவிசி (குளோரின் கூட்டிய பிவிசி) என்கிறார். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு, பழைய வீட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) துருவேறி அடைத்துக்கொண்டது.

குடந்தை_பைப்:
வெள்ளை பைப்பை வெந்நீருக்குத் தொடவே தொடாதீர்கள். அதற்கான ஐஎஸ் 4985 என்ற இந்தியத் தரமே 45 டிகிரி வரைக்கும்தான், கீசர் தண்ணீரோ 60ஐத் தொடும். கனமாக வாங்கினாலும் சூட்டில் இளகத்தான் செய்யும். சிபிவிசியில் குளோரின் கூடுதல் என்பதால் 93 டிகிரி வரை தாங்கும். பைப் மேலே ஐஎஸ் 15778, எஸ்டிஆர் 11 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். எஸ்டிஆர் என்பது பைப்பின் வெளிவிட்டத்தை அதன் கனத்தால் வகுத்த எண். எஸ்டிஆர் 13.5 அதைவிட மெல்லிசு, சுவருக்குள் புதைக்கிற வெந்நீர் லைனில் அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வயக்காட்டான்:
மச்சான் சொல்வதும் தப்பில்லை, பிபிஆர் நல்ல பைப்தான். ஆனால் 260 டிகிரியில் உருக்கி ஒட்ட மெஷின் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். அதிகம் உருக்கினால் உள்ளே பிதுங்கி வழி குறுகிவிடும். தீபாவளியன்று ஒழுகினால் மெஷினோடு யார் வருவார்? இன்னொன்று, 40 டிகிரி சூடேறினால் உங்கள் பத்து மீட்டரில் சாதா பிபிஆர் 6 சென்டிமீட்டர் நீளும், சிபிவிசி இரண்டரைதான். எதைப் போட்டாலும் மாடியில் நேராக இறுக்கிக் கட்டாமல் நடுவில் ஒரு வளைவு விடுங்கள்.

மன்னார்குடி_புதுவீடு:
அப்போ சோலார் டேங்கிலிருந்தே சிபிவிசி கொடுத்துவிடலாமா?

குடந்தை_பைப்:
வேண்டாம். சித்திரை வெயிலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் டேங்கில் தண்ணீர் கொதிநிலைக்குப் போய்விடும். முதல் இரண்டு மீட்டர் ஜிஐ போட்டு யூனியன் (கழற்றி மாட்டுகிற இணைப்பு) வையுங்கள், வெளியில் இருப்பதால் துருப்பிடித்தால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். டேங்கின் காற்றுப் போக்கிக் குழாயை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் படுகிற சிபிவிசிக்கு உறை போடுங்கள். கீசர் வாயில் பித்தளை மரை வைத்த ஃபிட்டிங், வெறும் பிளாஸ்டிக் மரை சூட்டில் விரிசல் விடும். பசையும் சிபிவிசிக்கென்று விற்கிறதுதான், பிவிசி டப்பாவில் மிச்சமிருப்பதைத் தடவ விடாதீர்கள். ஒட்டி ஒரு நாள் விட்டு, பம்ப் வைத்து பிரஷர் பார்த்த பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.