புகைக்கூடத்தை ஓவியக்கூடமாக மாற்றலாமா? (சுங்கை சிப்புட்)

கித்தாமரம்:
வணக்கம். இங்கே ஒரு தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததிலிருந்து ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்திய செங்கல் புகைக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. லய (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாழ்க்கையைக் காட்டும் நீர்வண்ண ஓவியங்களும் பழைய போட்டோக்களும் மாட்ட இடம் வேண்டும். தோட்ட மண்டபமும் கிடைக்கும். ஆனால் பலகைச் சுவர், நாலு பக்கமும் ஜன்னல். எதை எடுப்பது? வேறு வேலைக்குக் கட்டிய கட்டடம் சரிப்படுமா?

பலகைவீடு:
சரிப்படும். மலேசியாவின் தேசியக் கலைக்கூடமே நாற்பது ஆண்டு அப்படித்தான் ஓடியது. 1958இல் அம்பாங் சாலையில் துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபம், 1984இல் கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடம். 1998இல்தான் தெமெர்லோ சாலையில் சொந்தக் கட்டடம்: மலாய் வீட்டுக் கூரைச் சாயல், உள்ளே சுருண்டு ஏறும் சாய்தளம். மறு ஆண்டு பக்கத்திலேயே தேசிய நாடக அரங்கமான இஸ்தானா புடாயா திறந்தது. மெஜஸ்டிக் 2012இல் மறுபடி ஹோட்டலாகிவிட்டது. உங்கள் கட்டடமும் ஒருநாள் கைமாறலாம். அதனால் சுவரை உடைக்காமல், தனியாக நிற்கும் பலகைத் தட்டிகளில் படம் மாட்டுங்கள். நிர்வாகத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

சுண்ணாம்பு:
நான் புகைக்கூடத்தைத்தான் எடுப்பேன். ஜன்னல் இல்லாதது பெரிய வரம். நீர்வண்ணத்துக்கும் போட்டோவுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. அதிக வெளிச்சத்தில் வெளிறிய நிறம் திரும்பி வராது.

சிக்கல் சுவரில்தான். பல காலப் புகைத் தார் செங்கலில் ஊறியிருக்கும். அதன்மேல் நேராகத் தண்ணீர் பெயின்ட் அடித்தால் சில வாரத்தில் பழுப்புக் கறை மேலே கசியும். முதலில் கரியைச் சுரண்டி, சலவைச் சோடா கலந்த நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு கறை தடுக்கும் ஷெல்லாக் பிரைமர் இரண்டு கோட், அதற்கு மேல்தான் பெயின்ட். கதவை ஒரு வாரம் பூட்டிவைத்துத் திறந்து பாருங்கள். புகை வாசம் அடித்தால் படங்களை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

கித்தாமரம்:
நன்றி ஐயா. ஏர்கோன் போடலாமா?

சுண்ணாம்பு:
இருபத்து நாலு மணி நேரமும் ஓட்ட முடிந்தால் மட்டும். பகலில் போட்டு இரவில் அணைத்தால், குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் ஈரக்காற்று பட்டு வேர்க்கும். பூஞ்சை பிடிப்பது அங்கேதான். ஏர்கோனுக்குப் பதிலாக, மேலே உள்ள காற்றுத் துவாரங்களுக்குக் கொசுவலை அடித்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். 65 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் ஈரம் உறிஞ்சும் மெஷின் தேவை. ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, 2 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

மழைக்கால்வாய்:
வெளியையும் பாருங்கள். சாலைக்குத் தார் மேல் தார் போட்டு உயர்த்தியிருப்பார்கள், பழைய கட்டடத்தின் தரை தாழ்ந்துபோயிருக்கும். பலத்த மழையில் போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வாசலுக்கு முன் குறுக்குக் கால்வாய் வெட்டிய பிறகு பெயின்ட் வாங்கினால் போதும். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போடாதீர்கள். அடி ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவரில் ஏறும். நிழல் தரும் மரம் இருந்தால் வெட்டவேண்டாம், கூரையைத் தொடும் கிளையை மட்டும் கழியுங்கள். ஜிங்க் கூரையின் சூட்டைக் குறைக்க மர நிழலைவிட மலிவான வழி இல்லை.