ஸ்டிக்கர் கட்டிங்: புள்ளி பறக்காமல் ஒட்டுவது எப்படி? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து:
கடைக் கண்ணாடியில் தமிழ் ஒட்டும்போது உயிரை எடுப்பது பெரிய எழுத்து அல்ல, அதன் தலையில் இருக்கும் புள்ளி. போன வாரம் ஒரு மருந்துக் கடைக்கு ஒட்டினேன். 'மருந்தகம்' ஒரு அடி உயரம், அதில் தொல்லையே இல்லை. கீழே நேரம், விடுமுறை விவரமெல்லாம் முக்கால் அங்குல எழுத்து. அந்த அளவில் புள்ளி மிளகைவிடச் சின்னது. பிடிமானம் குறைவு என்பதால், எழுத்துகளைப் பேப்பரிலிருந்து தூக்கிக் கண்ணாடிக்கு மாற்ற மேலே ஒட்டும் டிரான்ஸ்பர் டேப்போடு கிளம்பிவிடும்.

அதனால் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கிய பிறகுதான் பிளாட்டருக்கு (ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்) அனுப்புவேன். வெட்டி வந்ததும் ண, ஞ சுழிக்குள் இருக்கும் வேண்டாத துண்டை முதலில் ஊசியால் எடுத்துவிடுவேன். டிரான்ஸ்பர் டேப்பை அழுத்தித் தேய்த்ததும் மொத்தத்தையும் குப்புறப் போட்டு, டேப்பைத் தூக்காமல் பின்பக்கப் பேப்பரை மடக்கி உரிக்க வேண்டும். புள்ளி பேப்பரிலேயே நின்றால் மறுபடி படியவைத்துத் தேய்த்தால் வந்துவிடும்.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவது பெரிய லோகோவுக்கு அருமை, நகர்த்திச் சரிபண்ணலாம். சின்ன எழுத்துக்கு வேண்டாம், ஈரம் போகும்வரை பசை பிடிக்காது. நடுவில் குறுக்கே மாஸ்கிங் டேப் போட்டு நிறுத்தி, ஒரு பாதிப் பேப்பரை உரித்து வெட்டிவிட்டு ஒட்டுங்கள், அப்புறம் மறுபாதி. கடைசியில் டிரான்ஸ்பர் டேப்பைக் கண்ணாடியை ஒட்டியே பின்னுக்கு மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். நம் பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் புள்ளி போச்சு.

கோவையிலிருந்து:
அண்ணே, புள்ளியைப் பெரிதாக்குவது நல்ல யோசனை, இனி நானும் செய்கிறேன். எனக்கு வேன், ஆட்டோ வேலைதான் அதிகம். அங்கே வெயில்தான் எதிரி. மதியத்தில் தகடு கொதிக்கும். பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், வினைலும் (ஸ்டிக்கர் ஷீட்) இளகி இழுபடும். காலையிலோ நிழலிலோதான் ஒட்டுவேன்.

வளைவு இருந்தால் திரவமாக ஊற்றிக் காயவைத்துத் தயாரிக்கும் காஸ்ட் வினைல்தான், 50 மைக்ரான் கனம். காலண்டர்டு வினைலை உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தயாரிப்பதால் நாளாக நாளாகச் சுருங்கப் பார்க்கும், ஓரத்தில் பசைக்கோடு தெரியும். விலை குறைவு என்று கேட்டாலும் வளைவில் அதை ஒட்ட நான் ஒப்புக்கொள்வதில்லை. கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு நிற்கப்போவது நாம்தானே.

சேலத்திலிருந்து:
தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். புது பெயிண்ட் அடித்த வண்டி வந்தால் அன்றே ஒட்டாதீர்கள். பெயிண்டிலிருந்து வெளியேறும் வாயு அடியில் சிக்கி, வழவழப்பாக ஒட்டியதுகூட மறுநாள் கொப்புளமாக எழும்பும். சாதாரணக் காற்றுக் குமிழி என்றால் ஓரத்தில் குண்டூசியால் குத்தி விரலால் தள்ளினால் போதும், பிளேடு வைத்தால் கீறல் விரியும்.

கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (பிசுக்கு எடுக்கும் திரவம்) போட்டு, அது தானாக உலர்வதற்குள் நூல் விடாத துணியால் துடைத்துவிடுங்கள். உலரவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு அங்கேயே தங்கிவிடும், புள்ளி முதலில் கழல்வது அந்த இடத்தில்தான்.