கடலோர வழக்குகள் பங்குப் பணிமனைக்குப் போவது ஏன்?

கேள்வி (உள்நாட்டுக்காரன்): குமரி மாவட்டக் கடற்கரையில் வலை அறுந்தாலும், இரண்டு ஊர்களுக்கிடையே கைகலப்பு மூண்டாலும், வழக்கு காவல் நிலையத்தை எட்டுவதற்கு முன்பே பங்குத்தந்தையிடம், அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் பாதிரியாரிடம், போய்விடுகிறது என்று அங்கு பணியாற்றிய நண்பர் சொன்னார். சட்டமும் நீதிமன்றமும் இருக்கும்போது திருச்சபை இந்தச் சுமையை ஏற்பது ஏன்? அதற்கு எல்லை உண்டா?

மறுமொழி (கரைமடி): நான் அந்தக் கரையில் பிறந்தவன். 1544இல் சவேரியார் எங்கள் மீனவச் சமூகமான முக்குவர் ஊர்களில் திருமுழுக்கு கொடுத்தார். நான் அறிந்தவரை எங்களுக்குக் கோயில் முற்றமே ஊர் மன்றமும்கூட. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் இருட்டில் வலையைக் கிழித்துப் போன படகுக்கு யார் சாட்சி சொல்வது? என் தகப்பனாரின் வலை அப்படிக் கிழிந்தபோது, அதை முற்றத்து மணலில் விரித்து, பெரியவர் ஒருவர் கிழிசலை முழம்போட்டு அளக்க, பங்குத்தந்தை வாய் திறக்காமல் நோட்டில் குறித்துக்கொண்டார். நூல் விலையும் தொழில் கெட்ட நாட்களின் வருமானமும் சேர்த்து, அந்தி மணி அடிப்பதற்குள் பணம் கைக்கு வந்தது. பங்குத்தந்தை சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறவர், ஊரில் கொண்டான் கொடுத்தான் இல்லாதவர்; அவர் சொல் எடுபடுவதற்கு, அங்கியைவிட இதுவே காரணம் என்பேன்.

மறுமொழி (தேரிமணல்): வலைக் கிழிசலுக்கு இது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டம் கட்ட மறுத்த குடும்பத்தை ஊர்விலக்கம் செய்தால், அவர்கள் வீட்டுச் சாவுக்குக் கோயில் மணி அடிக்குமா என்பதையும் கேளுங்கள். மேலும், சண்டை கோயிலுக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை அந்தக் கூரையின் கீழேதான் பூசை நடந்தது.

மறுமொழி (பழையாறு): இன்னொரு எல்லை 1982இல் குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் தெரிந்தது. மீனவக் கிறித்தவர்களுக்கும் இந்துக்களுக்கும் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூடுவரை போனபோது, பங்குத்தந்தை எவ்வளவு நல்லவராயினும் எதிர்த்தரப்புக்கு அவர் ஒரு கட்சிக்காரர்தான். அந்த ஊர்களில் அமைதி பேசச் சைவ மடாதிபதியான குன்றக்குடி அடிகளார் வர வேண்டியிருந்தது.

கேள்வி கேட்டவர்: கரைமடி அவர்களே, முழம்போட்டவரும் நோட்டு எழுதியவரும் ஆண்கள். கரையில் மீன் விற்கும் பெண்களுக்குள் வழக்கு வந்தால், அதை எந்த முற்றத்தில் விரிப்பார்கள்?